கோல் கம்பங்களுக்கு நடுவில் ஒரே ஓர் இடம்

"என் மகனுக்கு 15 வயது. பள்ளி கால்பந்து அணியில் கோல் கீப்பர். இதையே தொழிலாக்கிக்கொள்ளப் போகிறேன் என்கிறான். கோல் கீப்பர்கள் 40 வயது வரைகூட ஆடுகிறார்களாமே, உண்மையா? தொழில்முறை கோல் கீப்பரின் வாழ்க்கை எப்படித்தான் இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

40 வயது வரை ஆடுவது உண்மைதான். இத்தாலியின் டினோ ஜோஃப் 1982இல் அணித்தலைவராக உலகக் கோப்பையை வாங்கியபோது அவருக்கு வயது 40. எகிப்தின் எஸ்ஸாம் எல் ஹதாரி 2018 உலகக் கோப்பையில் இறங்கியபோது வயது 45. அந்த ஆட்டத்தில் ஒரு பெனால்டியையும் தடுத்தார். இத்தாலியின் புஃபோன் 17 வயதில் மாட்டிய கையுறையை 45 வயதில்தான் கழற்றினார். ஆனால் இந்தப் பெயர்களை மட்டும் சொல்லி உங்களை அனுப்பிவிட்டால் பாதியைத்தான் சொன்னவனாவேன்.

மீதிப் பாதி இது. அணியில் 11 பேர் ஆடுகிறார்கள், கோல் கீப்பருக்கு இடம் ஒன்றுதான். முன்கள ஆட்டக்காரர் ஒருவர் அணியில் இரண்டாவது சிறந்தவர் என்றால் அவரை வலது ஓரத்தில் ஆடவிடலாம், கடைசி 20 நிமிடங்களுக்கு இறக்கலாம். இரண்டாவது சிறந்த கோல் கீப்பர் ஆண்டு முழுவதும் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். தினமும் அதே பயிற்சி, அதே அடி, அதே சேறு. சனிக்கிழமை ஆட்டம் மட்டும் இன்னொருவருக்கு. அவருக்கு வாய்ப்பு வரவேண்டுமானால் முன்னால் இருப்பவருக்கு அடிபட வேண்டும், அல்லது அவர் தடுமாற வேண்டும். அந்த முன்னால் இருப்பவரோடுதான் தினமும் காலையில் பந்து போட்டுப் பிடித்துப் பழக வேண்டும். அவர் கெட்டுப்போக வேண்டும் என்று நினைக்காமல், ஆனால் நாளைக்கே இறங்கச் சொன்னாலும் தயாராக இருப்பது எவ்வளவு கடினம் என்பது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். மாவட்ட லீக் அளவில் இரண்டு ஆண்டுகள் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பிள்ளைகளுக்குக் கோல் கீப்பிங் சொல்லிக்கொடுக்கிறேன். கோல் கீப்பர் ஆகவேண்டும் என்று வரும் பையன்களின் பெற்றோரிடம் நான் வழக்கமாகச் சொல்வது பெட்ர் செக்கின் கதையை. ஒரு கோல் கீப்பருக்கு நடக்கக்கூடியது அனைத்தும் அவருக்கு நடந்திருக்கிறது.

செக் குடியரசின் பில்சன் நகரில் 1982 மே 20 அன்று பிறந்தவர். (செக் மொழியில் அந்தக் குடும்பப் பெயருக்கே செக் நாட்டவர் என்றுதான் பொருள். இனி 'செக்' என்று தனியாக எழுதும் இடமெல்லாம் ஆளைக் குறிக்கும்.) சிறு வயதில் அவர் கோல் அடிக்கும் பையன். 10 வயதில் கால் முறிந்தது. அதன்பிறகுதான் கோலுக்குப் போனார். 17 வயதில் முதல் பிரிவு லீக்கில் ஆடினார். அந்த அணியின் ஊர் பிளஷானி, ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழும் சிற்றூர். பீர் காய்ச்சச் சேர்க்கும் ஹாப்ஸ் கொடி விளையும் பூமி. அணியின் பெயரிலேயே அந்தக் கொடியின் பெயர் இருக்கிறது. பெரிய நகரத்துப் பெரிய கிளப்பின் மூன்றாவது கோல் கீப்பராக இருப்பதைவிட, சின்ன ஊரில் வாராவாரம் கோலில் நிற்பது 17 வயதுப் பையனுக்குப் பல மடங்கு நல்லது. இதை உங்கள் மனத்தில் குறித்துவையுங்கள், பிறகு தேவைப்படும்.

பிளஷானியிலிருந்து 2001இல் ஸ்பார்டா பிராக் அணிக்கு. அங்கே லீக்கில் 850 நிமிடங்களுக்கு மேல் ஒரு கோலும் வாங்காமல் நாட்டுச் சாதனை. 2002இல் பிரான்சின் ரென் அணிக்கு. ரென் பெரிய அணியல்ல. எதிரணி அடிக்கடி கோலை நோக்கி வரும். இளம் கோல் கீப்பருக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. கிறிஸ்டோஃப் லொலிஷோன் என்ற கோல் கீப்பிங் பயிற்சியாளரிடம் அவர் பழகியதும் அங்கேதான். இந்தப் பெயர் மீண்டும் வரும்.

2004இல் லண்டனின் செல்சி அணி அவரை வாங்கியது. அங்கே முதல் இடத்தில் இருந்தவர் கார்லோ குடிச்சினி. சுமாரான ஆள் இல்லை. 2002இல் செல்சி ரசிகர்கள் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தவர். பருவம் தொடங்குவதற்கு முன்பு அவருக்கு முழங்கையில் அடிபட்டது. செக் இறங்கினார். ஆகஸ்ட் 15, மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு எதிரான முதல் ஆட்டம், 1-0 வெற்றி. அந்தப் பருவத்தின் 38 லீக் ஆட்டங்களில் செல்சி மொத்தமே 15 கோல்கள்தான் வாங்கியது. செக் 24 ஆட்டங்களில் ஒரு கோலும் விடவில்லை. இடையில் தொடர்ந்து 1,025 நிமிடங்கள் அவருக்குப் பின்னால் இருந்த வலை அசையவில்லை. செல்சி 50 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம் வென்றது. செக்கிற்கு அப்போது 22 வயது. குடிச்சினி பெஞ்சுக்குப் போனார். 2009 தொடக்கம் வரை அங்கேயே இருந்தார்.

ஒருவரின் முழங்கை, இன்னொருவரின் வாழ்க்கை. இது மனத்துக்கு இதமான செய்தியல்ல. ஆனால் கோல் கீப்பர்களின் இடமாற்றங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன. செக்கின் கதையிலேயே இது எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள்.

2006 அக்டோபர் 14, ரெடிங் அணியின் மைதானம். ஆட்டம் தொடங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை. ரெடிங்கின் ஸ்டீபன் ஹன்ட் பந்தைத் துரத்தி வருகிறார். செக் தாழப் பாய்ந்து பந்தை அணைக்கிறார். ஹன்ட்டின் முழங்கால் செக்கின் தலையில் மோதுகிறது. மண்டையோடு ஓரிடத்தில் உள்நோக்கி அமுங்கி உடைந்துவிட்டது. ஆக்ஸ்போர்டில் அறுவை சிகிச்சை செய்து உலோகத் தகடுகள் வைத்தார்கள். அன்று மாற்றாக இறங்கிய குடிச்சினியும் ஆட்டத்தின் கடைசியில் மோதலில் நினைவிழந்து வெளியே போனார். மாற்றுகள் தீர்ந்துபோனதால் தற்காப்பு ஆட்டக்காரர் ஜான் டெர்ரி கோலில் நின்று ஆட்டத்தை முடித்தார். அந்த நாளுக்குப் பிறகுதான் இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக் மைதானங்களில் ஆட்டக்காரர்களுக்கென்றே தனி ஆம்புலன்ஸ் நிறுத்தும் ஏற்பாடு வந்தது.

2007 ஜனவரி 20 அன்று செக் திரும்பி வந்தார். ரக்பி ஆட்டக்காரர்கள் அணிவது போன்ற கறுப்புத் தலைக்கவசத்தோடு. லிவர்பூலிடம் 0-2 தோல்வி. ஆனால் அன்று நான் கவனித்தது கோல் கணக்கை அல்ல. எதிரணியின் கால்களுக்கு நடுவில் பந்து உருண்டு வரும்போது அவர் தலையை எப்படி வைக்கிறார் என்பதைத்தான். என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் முகத்தில் ஒருமுறை உதை வாங்கியவர்கள் அடுத்த சில மாதங்கள் ஒரே மாதிரி செய்வார்கள்: பாய்வார்கள், கை பந்துக்குப் போகும், முகம் மட்டும் அரை அங்குலம் மறுபக்கம் திரும்பும், கண் இமை மூடும். அவர்களுக்கே அது தெரியாது. அந்த அரை அங்குலத்தில் பந்து கையிலிருந்து நழுவிவிடும். பல மாதங்கள் மென்மையான ரப்பர் பந்தை வைத்துத்தான் அதைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். மண்டை உடைந்த ஒருவர் மூன்று மாதங்களில் வந்து, ஆன்ஃபீல்ட் மைதானத்தில் பந்தின் மேல் முகத்தை வைத்து விழுந்தார். ஓய்வு பெறும் வரை அந்தத் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. ஓய்வு பெறும் வரை முகத்தைத் திருப்பவும் இல்லை.

உடலுக்கு நேரும் அடி ஒரு வகை. தவறு செய்துவிட்டு மறுநாள் எழுந்திருப்பது இன்னொரு வகை. 2008 ஜூன் 15, ஜெனிவா, ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பை. செக் குடியரசுக்கும் துருக்கிக்கும் ஆட்டம். வென்றவர் காலிறுதிக்குப் போகலாம். செக் குடியரசு 2-0 முன்னிலை. 75ஆவது நிமிடத்தில் துருக்கி ஒன்று அடித்தது. 87ஆவது நிமிடத்தில் வலது ஓரத்திலிருந்து கோல் முன்னால் தூக்கி அடித்த ஒரு கிராஸ் வந்தது. செக் ஆயிரம் முறை பிடித்திருக்கக்கூடிய பந்து. கையில் பட்டது, நிற்கவில்லை, கீழே விழுந்தது. எதிரே நின்ற நிஹாத் அதை வலைக்குள் தட்டிவிட்டார். 2-2. இரண்டு நிமிடம் கழித்து நிஹாத்தே இன்னொன்று அடித்தார். 2-3. செக் குடியரசு வீட்டுக்குப் போனது.

ஒரு முன்கள ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் ஐந்து வாய்ப்புகளை வீணடித்து ஆறாவதில் கோல் அடித்தால் மறுநாள் நாளிதழில் அவர் படம் வரும். கோல் கீப்பருக்குக் கணக்கு தலைகீழ். பிரேசிலின் பார்போசா 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் உருகுவேயிடம் வாங்கிய ஒரு கோலுக்காகச் சாகும்வரை பேச்சு வாங்கினார். ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் 2018 இறுதியில் லிவர்பூலின் காரியுஸ் செய்த இரண்டு தவறுகளை உலகமே பார்த்தது. தலையில் வாங்கிய மோதலால் அப்போது அவருக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்தது என்று மருத்துவர்கள் பின்னர் சொன்னார்கள். ஆனால் அவர் லிவர்பூலுக்காக ஆடிய கடைசி ஆட்டமாக அதுவே ஆகிவிட்டது. உங்கள் மகன் தோற்றுவிட்டு வரும் நாள்களில் வீட்டில் என்ன பேசப்படுகிறது என்பது முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான். 15 வயதில் ஒரு பையன் கோலை விட்டுவிட்டு வந்தால், அந்தப் பந்தைப் பற்றி அன்றைக்குப் பேசாதீர்கள். சாப்பாடு போடுங்கள்.

இனி, வயது ஏன் கோல் கீப்பரைத் தின்பதில்லை என்பதற்கு வருகிறேன். களத்தில் ஓடும் ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் 10 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார்; கோல் கீப்பர் அதில் பாதி அளவுதான் நடந்தும் ஓடியும் கடக்கிறார். இது எல்லோரும் சொல்லும் காரணம், சரியான காரணமும்கூட. ஆனால் பெரிய காரணம் வேறு. கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பெனால்டிப் புள்ளி 11 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. நன்றாக அடித்த பந்து அரை நொடிக்குள் கோட்டைத் தாண்டிவிடும். பந்து கிளம்பியதைப் பார்த்துவிட்டுப் பாய்ந்தால் மூலைக்குப் போய்ச் சேரவே முடியாது. ஆகவே, பந்து கிளம்பும் முன்பே கோல் கீப்பருக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். ஓடிவரும் கோணம், ஊன்றும் காலின் பாதம் எந்தப் பக்கம் திரும்புகிறது, இடுப்பு எப்போது திறக்கிறது. இதெல்லாம் பார்த்துப் பார்த்துச் சேர்வது. 20 வயதில் கால் வேகமாக இருக்கும், கண்ணுக்கு விவரம் போதாது. 30 வயதில் கண் காலுக்கு முன்னால் போய் நிற்கும்.

இதற்கு நான் காட்டும் சான்று 2012 மே 19, மியூனிக். சாம்பியன்ஸ் லீக் இறுதி. பயர்ன் மியூனிக் தன் சொந்த மைதானத்திலேயே செல்சியை எதிர்கொள்கிறது. மறுநாள் விடிந்தால் செக்கிற்கு 30 வயது நிறைகிறது. லொலிஷோன் இதற்குள் செல்சிக்கு வந்துவிட்டிருந்தார். 2007 முதல் பயர்ன் ஆட்டக்காரர்கள் அடித்த பெனால்டிகளை எல்லாம் தொகுத்து அவர் ஒரு காணொளி தயாரித்திருந்தார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடும். செக் அதை முழுவதும் உட்கார்ந்து பார்த்தார்.

ஆட்டத்தில் பயர்னுக்கு 20 கார்னர்கள், செல்சிக்கு ஒன்றே ஒன்று. 83ஆவது நிமிடத்தில் பயர்னின் முல்லர் கோல் அடித்தார். 88இல், கிடைத்த அந்த ஒரே கார்னரில் செல்சியின் ட்ரோக்பா தலையால் அடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரம். 95ஆவது நிமிடத்தில் பயர்னுக்குப் பெனால்டி. அடிக்க வந்தவர் ஆர்யன் ராபன். செல்சியில் மூன்று ஆண்டுகள் செக்கோடு ஆடியவர், பயிற்சியில் அவருக்கு எதிராக எத்தனையோ பந்துகளை அடித்தவர். ராபன் ஓடிவந்து இடதுகாலால் தாழ அடித்தார். செக் தன் இடது பக்கம் விழுந்தார். பந்து அவர் உடலில் பட்டு நின்றது, மெல்ல நகரப் பார்த்தது, இரண்டாவது முயற்சியில் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு, வெற்றியை முடிவுசெய்ய இரு அணிகளும் மாறி மாறிப் பெனால்டி அடிக்கும் ஷூட் அவுட். லாம், கோமஸ், நோயர் மூவரும் அடித்த பந்துகள் உள்ளே போயின. ஆனால் மூன்று முறையும் செக் சரியான பக்கம்தான் பாய்ந்தார். நான்காவதாக ஓலிச் அடித்தார், செக் தடுத்தார். ஐந்தாவதாக ஷ்வைன்ஸ்டைகர் அடித்த பந்து செக்கின் விரல் நுனியில் உரசிக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ட்ரோக்பா கடைசிப் பெனால்டியை அடித்து முடித்தார். கூடுதல் நேரத்தில் ஒன்று, ஷூட் அவுட்டில் ஐந்து, மொத்தம் ஆறு பெனால்டிகள். ஆறுக்கும் சரியான பக்கம். இதை அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

அப்படிப்பட்டவருக்கும் இடம் நிலையாக இருக்கவில்லை. 2014 ஏப்ரல் 22, மாட்ரிட், அட்லெட்டிகோ அணியோடு சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. 18ஆவது நிமிடத்தில் ஒரு பந்தைத் தட்டிவிட்டுக் கீழே விழுந்த செக்கால் தொடர முடியவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர் ஆஸ்திரேலியாவின் மார்க் ஷ்வார்சர், வயது 41. அந்த வயதில், அந்தக் கூட்டத்துக்கு நடுவில், கோல் விடாமல் 0-0 என்று ஆட்டத்தை முடித்துக்கொடுத்தார். அன்று எதிர்க் கோலில் நின்றவர் யார் தெரியுமா? திபோ கோர்ட்வா. அவரும் செல்சியின் ஆள்தான். மூன்று ஆண்டுகளாக அட்லெட்டிகோவுக்கு இரவலாகக் கொடுக்கப்பட்டிருந்தவர். அந்த ஆகஸ்டில் அவர் செல்சிக்குத் திரும்பினார், முதல் இடம் அவருக்குப் போனது. அவருக்கு வயது 22. பத்தாண்டுகளுக்கு முன் செக் அந்த இடத்தை எடுத்துக்கொண்ட அதே வயது.

செக் அந்தப் பருவத்தில் மிகச் சில லீக் ஆட்டங்களே ஆடினார். முகம் கோணவில்லை. அணி லீக் கோப்பை இறுதியில் அவரை இறக்கியபோது கோல் விடாமல் வென்று கொடுத்தார். 2015இல் அர்சனலுக்குப் போனார். முதல் லீக் ஆட்டத்திலேயே சொந்த மண்ணில் வெஸ்ட் ஹாம் அணியிடம் 0-2. விட்ட கோல்களில் அவர் தவறும் இருந்தது. அந்தப் பருவம் முடிந்தபோது லீக்கில் அதிக ஆட்டங்களில் கோல் விடாதவர் என்ற விருது அவருக்கே கிடைத்தது. 2018 மார்ச் 11 அன்று வாட்ஃபோர்டுக்கு எதிராகப் பிரீமியர் லீக்கில் தன் 200ஆவது கோல் விடாத ஆட்டம். அன்று எதிரணியின் டீனி அடித்த பெனால்டியையும் தடுத்தார். ஓய்வுபெறும்போது அந்தக் கணக்கு 202. வேறு யாரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை.

ஆனால் அதற்குள் ஆட்டம் மாறிவிட்டிருந்தது. 1992இல் ஒரு விதி வந்தது: சக ஆட்டக்காரர் காலால் திருப்பிக் கொடுக்கும் பந்தைக் கோல் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது. அந்த விதிதான் மெல்ல மெல்லக் கோல் கீப்பரைக் காலால் ஆடுபவராக்கியது. 2018இல் அர்சனலுக்கு வந்த பயிற்சியாளர் எமெரி, கோலிலிருந்தே குறுகிய பாஸ்களில் ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னார். மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே செக் கொடுத்த ஒரு பாஸ் தன் கோலுக்குள்ளேயே போகப் பார்த்தது. 36 வயதில் கால் புதிதாகப் பாடம் படிக்க மறுக்கிறது. செப்டம்பர் 29 அன்று அவருக்குத் தொடையின் பின்தசையில் அடி. புதிதாக வந்த ஜெர்மனியின் பெர்ன்ட் லெனோ இறங்கினார், அத்தோடு லீக்கில் முதல் இடம் கை மாறியது. 2019 ஜனவரியில் செக் ஓய்வை அறிவித்தார். கடைசி ஆட்டம் மே 29, பாகு நகரில், சாம்பியன்ஸ் லீக்கிற்கு அடுத்த நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கின் இறுதி. எதிரணி செல்சி. 1-4 தோல்வி.

கதை இதோடு நிற்கவில்லை. லெனோவுக்கு 2020 ஜூனில் பிரைட்டனில் முழங்காலில் அடிபட்டது. இறங்கியவர் எமிலியானோ மார்ட்டினெஸ். அர்ஜென்டினாவிலிருந்து 2010இல் அர்சனலுக்கு வந்தவர். பத்தாண்டுகளில் ஆறு கிளப்புகளுக்கு இரவல் போனவர். 27 வயதில், ஒருவரின் முழங்கால் வழியாக, கதவு திறந்தது. எஃப்.ஏ. கோப்பை வென்றார், ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார், இரண்டரை ஆண்டுகளுக்குள் 2022 உலகக் கோப்பை இறுதியில் கடைசி நிமிடத்தில் பிரான்சின் கோலோ முவானி அடித்த பந்தை இடது காலை நீட்டித் தடுத்தார்; ஷூட் அவுட்டில் கோமானின் பெனால்டியையும் தடுத்தார்.

இன்னொருவர் எடுவார் மெண்டி. 22 வயதில் பிரான்சின் மூன்றாம் பிரிவு அணி ஒன்றிலிருந்து ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவர், ஓராண்டு முழுவதும் எந்த அணியும் இல்லாமல், அரசு தரும் வேலையில்லா உதவித்தொகையில் காலம் தள்ளினார். பிறகு படிப்படியாக மேலே வந்து ரென் அணியை அடைந்தார். செக் ஓய்வுபெற்று செல்சியின் தொழில்நுட்ப ஆலோசகராக இருந்த காலம் அது. 2018இல் செல்சி 7 கோடிப் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கிய கோல் கீப்பர் கேபா தடுமாறிக்கொண்டிருந்தார். தான் வந்த அதே ரென் அணியிலிருந்து மெண்டியை அழைத்துவரச் சொன்னவர் செக். 2021 மே மாதம் மெண்டி சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினார். கோர்ட்வாவும் செக்கும் லீக் பட்டம் வென்ற வயதில் வேலையில்லாமல் இருந்தவர். கோல் கீப்பரின் வாழ்க்கையை 22 வயதில் அளக்கக் கூடாது என்று நான் பெற்றோரிடம் மன்றாடுவது மெண்டியை நினைத்துத்தான்.

இந்தியாவில் இதற்கு ஓர் உதாரணம் குர்பிரீத் சிங் சந்து. 2014இல் நார்வேயின் ஸ்டாபெக் அணிக்குப் போனார். பெரும்பாலான நாள்கள் காத்திருப்புதான். 2016இல் யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் இறங்கியபோது, அந்தப் போட்டியில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். பிறகு பெங்களூருக்கு வந்து ஆண்டுக்கணக்கில் தேசிய அணியின் கோலைக் காத்தார். வெளிநாட்டுப் பெஞ்சில் உட்கார்ந்த காலத்தை வீணான காலம் என்று சொல்பவர்கள் உண்டு. தினமும் தன்னைவிட வேகமாக அடிப்பவர்களின் பந்துகளைப் பிடித்த கை வீணாகாது என்பது என் கருத்து.

உங்கள் மகனுக்கு வருகிறேன். பெரிய பெயருள்ள அகாடமியில் மூன்றாவது கோல் கீப்பராகச் சேர்ப்பதைவிட, வாராவாரம் ஆடவைக்கும் சின்ன அணியில் சேருங்கள், பிளஷானியை நினைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது கோலை விட்டு வெளியே வந்து நடுக்களத்தில் ஆடட்டும், இப்போதைய கோல் கீப்பருக்குக் கால் இல்லாமல் வேலை இல்லை. உயரம் குறைவு என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்காக நிறுத்திவிடாதீர்கள். செக் 1.96 மீட்டர் உயரம். ஸ்பெயினின் காசியாஸ் அவரைவிடப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் குறைவு, உலகக் கோப்பையையே வாங்கினார். படிப்பு தொடரட்டும். 27 வயதில் கதவு திறக்கக்கூடிய தொழில் இது, அதுவரை சோறு வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். கையுறை விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஆட்டம் முடிந்ததும் வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்கச் சொல்லுங்கள். வெயிலில் போட்டால் உள்ளங்கை ரப்பர் வெடித்துப் பந்து நழுவும்.

திறமை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றுதான் உங்கள் மனத்தில் ஓடும். அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போது பார்வையாளர்களோடு உட்காராமல் அவன் கோலுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். அவன் எத்தனை பந்து பிடிக்கிறான் என்று எண்ணாதீர்கள், அவன் குரலைக் கேளுங்கள். களம் முழுவதையும் எதிரே பார்த்து நிற்பவன் கோல் கீப்பர் ஒருவன்தான். அவன் பார்ப்பதை மற்ற பத்துப் பேரிடம் சொல்ல வேண்டும். செக் பல மொழிகள் பேசக்கூடியவர். பிரெஞ்சும் ஸ்பானிஷும் ஜெர்மனும் பேசும் தற்காப்பு ஆட்டக்காரர்களிடம் அவரவர் மொழியில் அவரால் பேச முடிந்தது. உங்கள் மகன் என்ன சொல்கிறான்? கோல் விழுந்த பிறகு "ஏன்டா விட்டே?" என்று கத்துகிறானா, அல்லது பந்து இன்னும் நடுக்களத்தில் இருக்கும்போதே "இடது பக்கம் ஆள் வருது, திரும்பு" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறானா? இரண்டாவது குரல் கேட்டால் எனக்கு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அழைத்து வாருங்கள், கையுறையோடு.